திரையில் தம் முகம்: ஹாலிவுட் படங்களும் ஆசியப் பார்வையாளரும்

முன்னுரை

திரைப்படம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் படைப்பாளியையோ படைப்பையோ மையமாகக் கொண்டு அமைகின்றன. படம் பார்ப்பவரிடம் என்ன செய்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இதற்குக் காரணமும் உண்டு. படச்சுருள் காப்பகத்தில் கிடைக்கும். வசூல் கணக்கு ஏட்டில் கிடைக்கும். இருளில் அமர்ந்திருந்தவர் மனத்தில் நிகழ்ந்தது எங்கும் பதிவாவதில்லை. எனினும் சிலருடைய வாழ்வில் அம்மன நிகழ்ச்சி வெளிப்படையான செயலாக உருக்கொண்டுள்ளது. ஒருவர் நாட்டை விட்டு நீங்கினார்; ஒருவர் தம் பிறப்பை மறைத்தார்; ஒருவர் கைவிட்ட தொழிலுக்கு மீண்டார். இத்தகைய செயல்களையே வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ள இயலும்.

தம்மைப் போன்றோரைத் திரையில் காண்பதன் இன்றியமையாமை அமெரிக்காவில் வாழும் ஆசிய வழியினரிடையே அண்மைக் காலத்தில் மிகுதியாகப் பேசப்படுகிறது. ‘ஆசியர்’ என்னும் அத்தொகைச் சொல்லுக்குள் சீனர், ஜப்பானியர், வியத்நாமியர், தமிழர், பஞ்சாபியர் எனப் பலர் அடங்குவர். அச்சொல் அமெரிக்கக் குடிமதிப்பின் வசதிக்கு ஏற்றதே தவிரப் பார்வையாளரின் மனத்துக்கு ஏற்றது எனக் கூறுதல் அரிது. ஒரு படம் இவர்களுள் ஒருவருக்கு முகம் தரும்பொழுதே இன்னொருவரின் முகத்தை மறைத்தும் விடுகிறது. நூறாண்டு வரலாற்றில் இது பலமுறை நிகழ்ந்துள்ளது.

ஜப்பானியர் ‘பர்மியர்’ ஆன கதை

1915ஆம் ஆண்டு டிசம்பரில் செசில் பி. டெமில் இயக்கிய ‘தி சீட்’ என்னும் ஊமைப்படம் வெளிவந்தது. செஸ்யூ ஹயகாவா அதில் தந்த வணிகராக நடித்தார். தம்மிடம் கடன்பட்ட வெள்ளைக்காரப் பெண்ணின் தோளில் பழுக்கக் காய்ச்சிய முத்திரையால் சூடிடும் பாத்திரம் அது. இறுதியில் நீதிமன்றத்தில் கூடியிருந்தோர் அவர்மீது பாய்கின்றனர். இப்படத்தால் ஹயகாவா ஒரே ஆண்டில் பெரும்புகழ் பெற்றார். வெள்ளைக்காரப் பெண்கள் அவரைக் காணத் திரையரங்குகளில் திரண்டனர்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழ்ந்த ஜப்பானியர் இப்புகழில் மகிழவில்லை. அந்நகரின் ஜப்பானிய மொழி நாளிதழான ‘ரஃபு ஷிம்போ’ படத்தைக் கடுமையாகச் சாடியது. கலிஃபோர்னியாவில் ஜப்பானியர் நிலம் வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 1913இல் இயற்றப்பட்டிருந்தது. அச்சூழலில் வாழ்ந்தோருக்குத் திரையில் தோன்றிய அழகிய கொடியவன், நாளை தம் கடைவாயிலில் நிகழக்கூடிய வன்முறைக்கு முன்னறிவிப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. தம் இனத்தவர் ஒருவர் நட்சத்திரமானதைக் கண்டு அச்சமுற்ற பார்வையாளர் அவர்கள்.

1918இல் படம் மீண்டும் வெளியிடப்பட்டபொழுது நிகழ்ந்த மாற்றமே இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. முதல் உலகப்போரில் ஜப்பான் அமெரிக்காவின் நேசநாடாக இருந்தது. எனவே எழுத்தட்டைகள் திருத்தப்பட்டு ஜப்பானிய வணிகர் பர்மிய வணிகராக்கப்பட்டார். காட்சிகள் மாறவில்லை, பெயரும் நாடும் மாறின. பர்மியரின் பெயரால் எதிர்க்குரல் எழுப்பப் போதிய பர்மியச் சமூகம் அமெரிக்காவில் அன்று இல்லை. குரலுள்ள ஆசியரின்மேல் இருந்த பழி குரலற்ற ஆசியரின்மேல் இறக்கிவைக்கப்பட்டது எனலாம். ஹயகாவா அதே ஆண்டில் சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கித் தம் மனைவி த்சுரு அவோகியுடன் ‘தி டிராகன் பெயின்டர்’ (1919) போன்ற படங்களில் வேறுவகைப் பாத்திரங்களை ஏற்றார். அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவை விட்டு நீங்கினார்.

அன்னா மே வாங்

1905இல் லாஸ் ஏஞ்சல்சில் சலவைக்கடை நடத்திய சீனக் குடும்பத்தில் பிறந்தவர் அன்னா மே வாங். தெருக்களில் நடைபெற்ற படப்பிடிப்புகளை வேடிக்கை பார்த்தே வளர்ந்தார். பள்ளி நேரத்தையும் சாப்பாட்டுக் காசையும் திரையரங்குகளில் செலவிட்டார். அத்திரைகளில் அவர் கண்ட முகங்களுள் பெரும்பாலானவை வெள்ளையரின் முகங்களே. தன்னைப் போன்றோரை அரிதாகவே திரையில் காண முடிந்த காலத்தில் நடிகையாக விரும்பிய சிறுமியின் துணிவு தனித்துச் சுட்டத்தக்கது.

பதினேழாம் வயதில் ‘தி டோல் ஆஃப் தி சீ’ (1922) படத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்றார். வெள்ளைக்காரக் கணவனால் கைவிடப்பட்டுக் கடலில் உயிர்விடும் பெண்ணின் கதை அது. அதன்பின் அவர் ஏற்ற பாத்திரங்களுள் பல இறுதிக்காட்சிக்கு முன்பே மாண்டன, எஞ்சியவை சூழ்ச்சிக்காரிகள். 1928இல் ஐரோப்பாவுக்குச் சென்றார். பெர்லினிலும் இலண்டனிலும் கிடைத்த மதிப்பு பிறந்த நாட்டில் கிடைக்கவில்லை. 1933இல் இலண்டன் திரையிதழ் ஒன்றுக்கு அளித்த நேர்காணலில், படங்களில் வரும் சீனர் எப்பொழுதும் கொலையும் வஞ்சகமும் செய்வோராகவே காட்டப்படுவது ஏன் என வினவினார்.

பேர்ல் எஸ். பக்கின் நாவலை எம்.ஜி.எம். நிறுவனம் ‘தி குட் எர்த்’ (1937) என்னும் படமாக்கியபொழுது, சீன உழவப்பெண் ஓலானின் பாத்திரத்தை வாங் பெரிதும் விரும்பினார். கணவனாக நடித்த பால் முனி வெள்ளையர். அக்காலத் தணிக்கை விதி கலப்பினக் காதலைத் திரையில் காட்டத் தடை செய்தது. விதியின் வாசகம் வெள்ளையர், கறுப்பர் ஆகியோரை மட்டுமே குறித்திருப்பினும் நடைமுறையில் ஆசியருக்கும் அது விரித்துப் பொருத்தப்பட்டது. எனவே வெள்ளையர் ஒருவர் சீனராக வேடமிட்டால் அவர்தம் மனைவியாகவும் வெள்ளையரே வேடமிட வேண்டும் என்னும் விந்தையான முடிவு பிறந்தது. லூயிஸ் ரெய்னர் ஓலானாக நடித்துச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். வாங்குக்கு முன்வைக்கப்பட்டது குடும்பத்தைக் குலைக்கும் ‘லோட்டஸ்’ என்னும் பாத்திரம். முதன்மைப் பாத்திரங்களில் தாம் ஒருவர் மட்டுமே சீனராக இருந்து, பரிவுக்குரியதல்லாத பாத்திரத்தை ஏற்பதா என அவர் மறுத்துவிட்டார்.

1936இல் அவர் முதன்முறையாகச் சீனாவுக்குச் சென்றார். அங்கும் அவருக்கு முழுமையான வரவேற்புக் கிட்டவில்லை. சீனர்க்கு இழுக்குத் தேடித்தரும் பாத்திரங்களை ஏற்றவர் என இதழ்கள் அவரைக் குறைகூறின. அமெரிக்கா அவரைச் சீனப்பெண் என ஒதுக்கியது. சீனா அவரை அமெரிக்கப்பெண் என ஒதுக்கியது. திரையில் தோன்றுவோரிடம் சொந்த இனத்தார் கேட்கும் கணக்கு எத்துணைக் கடுமையானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. வாங் 1961இல் மறைந்தார். 2022இல் அமெரிக்கக் கால் டாலர் நாணயத்தில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. அந்நாட்டு நாணயத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர் அவரே.

மறைத்தவரும் மறைக்க இயலாதவரும்

வாங் ஓலானாகும் வாய்ப்பை இழந்த அதே காலத்தில் ஆசிய வழியினரான வேறொரு பெண் சிறந்த நடிகைக்கான பரிந்துரையையே பெற்றிருந்தார். எவரும் அதை அறியவில்லை. 1911இல் பம்பாயில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த மெர்ல் ஓபரான், ‘தி டார்க் ஏஞ்சல்’ (1935) படத்துக்காக அப்பரிந்துரையைப் பெற்றார். அவருடைய தாய்வழி இலங்கையைச் சேர்ந்தது. இவ்வுண்மை வெளிப்பட்டிருந்தால் நாயகி வேடங்கள் கிடைத்திரா. ஆகவே ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பிறந்ததாகக் கதை புனையப்பட்டது. உடன் வாழ்ந்த முதியவள் வீட்டுப் பணிப்பெண்ணாக அறிமுகப்படுத்தப்பட்டாள் எனவும் கூறப்படுகிறது. ஓபரான் 1979இல் இறக்கும்வரை உண்மையை மறைத்தே வைத்தார். கல்கத்தாவில் ‘வதரிங் ஹைட்ஸ்’ (1939) பார்த்த ஆங்கிலோ-இந்தியப் பெண்களுள் சிலரேனும் திரையில் இருப்பவர் யார் எனக் கண்டுகொண்டிருத்தல் கூடும். ஏனைய கோடிக்கணக்கானோர் தம்முள் ஒருத்தியைக் கண்டும் காணாதவராயினர்.

மைசூர் நாட்டில் யானைப் பாகரின் மகனாகப் பிறந்த சாபுவுக்கு மறைக்கும் வாய்ப்பு இல்லை. ‘எலிஃபன்ட் பாய்’ (1937) அவரை உலகறியச் செய்தது. 1944இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, அந்நாட்டு வான்படையில் துப்பாக்கி வீரராகப் போரிட்டுப் பதக்கங்கள் பெற்றார். போரிலிருந்து மீண்டவருக்குக் காடும் யானையும் தலைப்பாகையுமே மறுபடியும் காத்திருந்தன.

குவாய் ஆற்றுப் பாலமும் காணாமற்போன தமிழரும்

டேவிட் லீன் இயக்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957) இலங்கையில், கித்துல்கல என்னுமிடத்தில் எடுக்கப்பட்டது. ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்ற இப்படத்தில் ஜப்பானியத் தளபதி சைட்டோவாக நடித்த ஹயகாவா துணைநடிகருக்கான பரிந்துரையைப் பெற்றார். ‘தி சீட்’ வெளிவந்து நாற்பதாண்டுகளுக்குப்பின் அவருக்குக் கிடைத்த ஏற்பு அது. சினமும் நாணமும் கலந்த அத்தளபதியை வெறும் கொடியவனாக அவர் ஆக்கவில்லை என்பது ஒப்புக்கொள்ளத்தக்கது.

அப்படம் சித்திரிக்கும் இரயில் பாதையை உண்மையில் அமைத்தோர் யாவர்? 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியப் படை அமைத்த ஏறத்தாழ 415 கிலோமீட்டர் பாதையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்குமேல் உழைத்தனர். ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகையோ இரண்டு இலட்சத்தை ஒட்டியது. மாண்டோர் 90,000 அளவினர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் இவர்களுள் பெருந்தொகையினர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கொன்றன. கைதிகளுக்கேனும் படை அமைப்பும் மருத்துவ அதிகாரிகளும் பெயர்ப்பட்டியலும் இருந்தன. தோட்டத் தொழிலாளிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. படத்தில் பாலம் கட்டுவோர் ஆங்கிலேயக் கைதிகள் மட்டுமே.

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இப்பாதை ‘மரண இரயில்’ என வழங்கிவருகிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’ நாவல் அந்நினைவுக்கு எழுத்துருவம் தந்தது. உலகம் முழுவதும் அப்பாதையைச் சீழ்க்கையொலியோடும் ஆங்கிலேயரின் விறைப்போடும் நினைவிற்கொள்ள, தந்தையை அங்கு இழந்தோர் திரையில் தேடினால் ஒரு முகமும் தென்படாது. இழிவான சித்திரிப்பாயின் எதிர்க்க ஒரு பொருளேனும் உண்டு. இன்மையை எதிர்ப்பது எங்ஙனம்? அப்படம் ஆசிய நடிகர் ஒருவரின் வெற்றியாகவே இன்றும் பட்டியல்களில் இடம்பெறுகிறது. அது பிழையன்று, முழுமையுமன்று.

கண்டியில் ஒரு படப்பிடிப்பு

கால் நூற்றாண்டுக்குப்பின் ஹாலிவுட் மீண்டும் இலங்கைக்கு வந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்’ (1984) இந்தியாவில் நிகழும் கதை. திரைக்கதையை ஏற்க மறுத்த இந்திய அரசு படப்பிடிப்புக்கு இசைவு தரவில்லை. எனவே 1983இல் கண்டிப் பகுதியில் இந்தியச் சிற்றூர் ஒன்று அமைக்கப்பட்டது. அவ்வூர் மக்கள் பேசுவது சிங்களம்! அமெரிக்கப் பார்வையாளர்க்கு இவ்வேறுபாடு தெரிந்திருக்க நியாயமில்லை என்பது கணிப்புப் போலும்.

இப்படத்தில் நாயகனுக்குத் துணைவரும் ‘ஷார்ட் ரவுண்ட்’ என்னும் சீனச் சிறுவனாக நடித்தவர் கீ ஹுய் குவான். 1971இல் சைகோனில் சீன வழிக் குடும்பத்தில் பிறந்தவர். 1978இல் படகில் தப்பி, ஹாங்காங் ஏதிலியர் முகாமில் இருந்து, 1979இல் அமெரிக்காவை அடைந்தவர். நாயகனையே காப்பாற்றும் அறிவும் துணிவும் உடைய ஆசியச் சிறுவனைத் திரையில் கண்டது அந்நாளில் அமெரிக்காவில் வளர்ந்த சீன, வியத்நாமியச் சிறுவர் பலர்க்கு மறக்கவியலாத நிகழ்வாயிற்று.

அதே அரங்கில் அமர்ந்திருந்த இந்தியச் சிறுவர் கண்டது வேறு. அரண்மனை விருந்தில் பாம்பும் வண்டும் குரங்கின் குளிர்ந்த மூளையும் பரிமாறப்படுகின்றன. காளி வழிபாடு நரபலியாகிறது. அம்ரிஷ் பூரி உயிருள்ளவரின் நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுக்கிறார். வீட்டில் குரங்கு மூளை உண்பீர்களா எனப் பள்ளியில் கேட்கப்பட்டதை அத்தலைமுறை இந்திய அமெரிக்கர் பலர் பிற்காலத்தில் எழுதியும் பேசியும் உள்ளனர். உணவுப் பெட்டியை மறைத்துத் திறக்கும் பழக்கம் பலருக்கு இருந்தது. இப்படம் அதற்கு மேலும் ஒரு காரணம் தந்தது. ஒரே படம், ஒரே இருக்கை வரிசை. ஒருவர் நிமிர்ந்து எழுந்தார், அடுத்தவர் குனிந்து வெளியேறினார்.

குவானின் மீட்சி

‘தி கூனிஸ்’ (1985) படத்துக்குப்பின் குவானுக்கு வாய்ப்புகள் சுருங்கின. வளர்ந்த ஆசிய ஆணுக்கு ஹாலிவுட்டில் எழுதப்பட்ட பாத்திரங்கள் மிகச்சில. அவர் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பயின்று, கேமராவின் மறுபக்கத்துக்குச் சென்றார். ‘எக்ஸ்-மென்’ (2000) படத்தில் சண்டைக்காட்சி அமைப்பிலும், வாங் கார்-வையின் ‘2046’ (2004) படத்தில் உதவி இயக்குநராகவும் பணியாற்றினார். நடிப்பு முடிந்துபோன ஒன்று என அவர் கருதியிருந்தார்.

2018 ஆகஸ்டில் ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ வெளிவந்தது. சிங்கப்பூரில் பிறந்த கெவின் க்வானின் நாவலை ஜான் எம். சூ இயக்கிய படம் இது. சமகால வாழ்வைக் கூறும், பெரும்பாலும் ஆசிய வழியினரே நடித்த, பெருநிறுவன ஹாலிவுட் படம் ‘தி ஜாய் லக் கிளப்’ (1993) வெளிவந்து 25 ஆண்டுகளுக்குப்பின் அப்பொழுதுதான் தோன்றியது. இணையவழி நிறுவனம் ஒன்று கூடுதல் பணம் தர முன்வந்தும் படைப்பாளிகள் திரையரங்க வெளியீட்டையே தேர்ந்தனர். அம்முடிவு வணிகத்தைக் கடந்த பொருளுடையது. தனியே வீட்டில் பார்ப்பதும், பெற்றோரையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு நிறைந்த அரங்கில் தம்மவர் நடுவே பார்ப்பதும் ஒன்றல்ல. 3 கோடி டாலர் செலவில் உருவான படம் உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடி டாலர் ஈட்டியது.

அப்படத்தைக் கண்ட பார்வையாளருள் குவானும் ஒருவர். திரையில் இருந்தோரோடு தாமும் அங்கே இருக்க வேண்டும் என்னும் ஏக்கம் எழுந்ததாகவும், அதன் விளைவாகவே நடிப்புக்குத் திரும்ப முடிவு செய்ததாகவும் அவர் பல நேர்காணல்களில் கூறியுள்ளார். அப்பொழுது அவர் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். பின்னர் ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ (2022) படத்தில் சலவைக்கடை நடத்தும் கணவராக நடித்தார். 2023 மார்ச் 12இல் சிறந்த துணைநடிகருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. அவ்விருதை அவருக்கு முன் பெற்ற ஆசிய வழியினர் ‘தி கில்லிங் ஃபீல்ட்ஸ்’ படத்துக்காக 1985இல் பெற்ற கம்போடிய மருத்துவர் ஹெயிங் எஸ். நோர் ஒருவரே, அவரும் ஏதிலியாக வந்தவர். அதே மேடையில் ஈப்போவில் பிறந்த மிஷெல் இயோ சிறந்த நடிகையானார். மெர்ல் ஓபரான் மறைத்துப் பெற்ற பரிந்துரைக்கும் இதற்கும் இடையே 87 ஆண்டுகள் கழிந்திருந்தன.

சிங்கப்பூரின் நான்காவது மொழி

குவானுக்கு வாழ்வளித்த அதே படம் சிங்கப்பூரில் வேறுவகையில் பார்க்கப்பட்டது. அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. இந்திய வழியினர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர். படத்திலோ அவர்கள் மாளிகை வாயிலில் காவல் நிற்போராகவும் ஏவல் செய்வோராகவும் மட்டுமே தோன்றுகின்றனர். பழுப்பு நிறத்தார் பின்னணியாக்கப்பட்டதை அந்நாட்டு எழுத்தாளர்கள் சிலர் உடனே சுட்டிக்காட்டினர். அமெரிக்காவில் சிறுபான்மையினராக இருந்து முகம் தேடிய சீன வழியினர், சிங்கப்பூரில் பெரும்பான்மையினர் என்பதை அமெரிக்கக் கொண்டாட்டம் கருத்திற்கொள்ளவில்லை. லிட்டில் இந்தியாவில் வளர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர் அப்படத்தைத் தம் வெற்றியாகக் கருத வேண்டும் என எதிர்பார்ப்பது முறையாகாது. குவானின் கண்ணீரும் அவ்விளைஞரின் மௌனமும் ஒருசேர உண்மையானவை.

புலம்பெயர்ந்த தமிழர்க்கு முதன்மை முகம் திரையரங்கில் அன்றி இணையவழித் தொடரிலேயே முதலில் கிடைத்தது. ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ (2020–2023) தொடரின் நாயகி தேவி, கலிஃபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண். ஏறத்தாழ 15,000 விண்ணப்பங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவின் மிசிசாகாவைச் சேர்ந்தவர்; உள்நாட்டுப் போரினால் இலங்கையை விட்டு நீங்கிய தமிழ்ப் பெற்றோரின் மகள். திரையில் தாய் மகளைக் ‘கண்ணா’ என அழைப்பது உரைபெயர்ப்பின்றியே ஒலிக்கிறது. ‘பிரிட்ஜர்டன்’ தொடரின் இரண்டாம் பருவத்தில் (2022) தமிழ் வழியினரான சிமோன் ஆஷ்லி ஏற்ற நாயகியின் குடும்பப்பெயர் சர்மா. அவள் தந்தையை ‘அப்பா’ என்கிறாள். தங்கையை ‘போன்’ என வங்காளத்தில் அழைக்கிறாள்; தங்கை அவளைத் ‘தீதி’ என்கிறாள். பம்பாயிலிருந்து வந்ததாகக் கூறப்படும் அக்குடும்பம் எந்நாட்டது என்பதைத் தொடர் எங்கும் விளக்கவில்லை.